பருவம் பார்த்துப் போகிற பாதை

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இந்த மார்கழியில் தொடங்கி அடுத்த ஆடி வரைக்கும், மாதம் ஒரு தடவை, ஒரு ராத்திரி அல்லது இரண்டு ராத்திரி தங்கி, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சின்ன ஊர்களைக் காரில் சுற்றிப் பார்ப்பது என்று நானும் வீட்டம்மாவும் முடிவு செய்திருக்கிறோம். பெங்களூரில் இருக்கிற பையனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "அப்பா, ஹைவேல ஏறினா ஓசூர்லேர்ந்து கிருஷ்ணகிரி ஒரு மணி நேரம். சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல மொத்த மாவட்டத்தையும் முடிச்சிடலாம்பா. இதுக்கு எதுக்கு ஏழெட்டு மாசம்?" என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். இந்த மண்ணில் பாதையைவிடப் பருவம்தான் பெரிது. இங்கே வந்த படைகள், கலெக்டர்கள், மாட்டு வண்டிக்காரர்கள் எல்லாரும் மாதத்தைப் பார்த்துத்தான் கிளம்பினார்கள். பார்க்காமல் கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி 500 மீட்டர் வாக்கில். இடைவெளி 50 கிலோமீட்டர்தான். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டால், காற்றுச் சூடாவது முகத்தில் தெரியும். மேலே இருப்பதைப் பழைய கணக்குகளில் பாலாகாட் என்றார்கள், அதாவது மலைக்கு மேல் உள்ள சீமை. கீழே இருப்பது பாராமகால். பன்னிரண்டு கோட்டைகளை வைத்து வந்த பெயர் என்பார்கள். ஜகதேவராயர் என்ற பாளையக்காரர் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு அரண்மனை கட்டினார் என்று ஊர்ப்பக்கம் ஒரு கதையும் உண்டு. கிருஷ்ணகிரிக் கோட்டை, ஜகதேவி, மகாராஜகடை எல்லாம் அந்த வரிசையில் வருகிறவை. மேல்சீமையில் ராகியும் அவரையும், கீழ்ச்சீமையில் மாவும் நெல்லும். மேலே ஸ்வெட்டர் போடுகிற மாதத்தில் கீழே மின்விசிறி ஓடும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தட்பவெப்பம்.

இப்போது 1791-க்கு வருவோம். கார்ன்வாலிஸ் பிரபு அந்த மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்துவிட்டார். அதே வேகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் முடித்துவிடலாம் என்று மே மாதம் கிளம்பினார். பட்டணத்துக்குப் பக்கத்தில் நடந்த சண்டையில் ஜெயித்தும் விட்டார். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. தீனி இல்லாமல், நோயில், பீரங்கி இழுக்கிற எருதுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சிப்பாய்களுக்குச் சோறில்லை. கோட்டையை உடைக்கக் கொண்டுபோன பெரிய பீரங்கிகளைத் தம் கையாலேயே நாசம் செய்து போட்டுவிட்டு, மே கடைசியில் பெங்களூர்ப் பக்கம் திரும்பி நடந்தார். சண்டையில் தோற்காத படை பருவத்திடம் தோற்றது.

திரும்பி வந்த பிறகுதான் அவருக்குப் பின்னால் இருந்த பாதை நினைவுக்கு வந்தது. சோறும் தீனியும் சென்னைப் பட்டணத்திலிருந்து வர வேண்டும் என்றால் பாராமகால் கணவாய்கள் கையில் இருக்க வேண்டும். ஜூலை மாதத்தில் கம்பெனிப் படை ஓசூரைப் பிடித்தது. அடுத்து ராயக்கோட்டை. நவம்பரில் கிருஷ்ணகிரியை மேக்ஸ்வெல் என்ற தளபதி தாக்கினார். கீழ்க்கோட்டை விழுந்தது, மேல்கோட்டை விழவில்லை. இன்றைக்கும் சையத் பாஷா மலையின் கீழே நின்று அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தால் ஏன் விழவில்லை என்பது புரிந்துவிடும். மறு வருஷம் பிப்ரவரியில், மழைக்கு வெகு முன்பாகவே, கார்ன்வாலிஸ் மறுபடியும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன்னால் நின்றார். 1792 மார்ச்சில் உடன்படிக்கை ஆயிற்று. பாராமகால் கம்பெனிக்குப் போனது. ஓசூர் உள்ளிட்ட மேல்சீமை திப்பு சுல்தானிடமே இருந்தது.

அப்படியானால், 1792-லிருந்து 1799 வரை எல்லைக்கோடு நம் மாவட்டத்தின் நடுவில் ஓடியது. ராயக்கோட்டை இந்தப் பக்கத்து எல்லைக் காவல் கோட்டை. இன்று அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லை வளைவைத் தாண்டுகிறோமே, அதுபோல ஏழு வருஷம் எல்லை ராயக்கோட்டைப் பக்கம் இருந்தது.

1799-இல் ஜெனரல் ஹாரிஸ் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு வந்தார். பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பி, மார்ச் 5-ஆம் தேதி ராயக்கோட்டைப் பக்கத்தில் எல்லையைத் தாண்டினார். ஏப்ரல் முதல் வாரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் முன்னால் முகாம். மே 4-ஆம் தேதி கோட்டை விழுந்தது, திப்பு சுல்தான் மாண்டார். ஜூனில் காவிரி பெருகிவிட்டால் முற்றுகை போட முடியாது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அவர் மழைக்காகக் காத்திருந்தார், இவர்கள் மழைக்கு முன்னால் ஓடி வந்தார்கள். ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால் தென்னிந்திய சரித்திரம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அதன்பின் மேல்சீமையும் கம்பெனிக்கு வந்தது. ஓசூர் சேலம் ஜில்லாவில் சேர்ந்தது அப்படித்தான்.

படைக்குப் பிறகு கணக்கர்கள் வந்தார்கள். 1792-இல் பாராமகாலை நிர்வாகம் செய்ய அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை நியமித்தார்கள். அவர் திருப்பத்தூரில் இருந்தார். உதவிக்கு மூன்று பேர், மூவரும் ராணுவத்து ஆட்கள். மெக்லியட் சேலத்துக்கு, கிரஹாம் கிருஷ்ணகிரிக்கு, தாமஸ் மன்றோ தர்மபுரிக்கு. மன்றோவுக்கு அப்போது முப்பது, முப்பத்தொரு வயது. ஏழு வருஷம் இந்தச் சீமையில் ஊர் ஊராக அலைந்தார். ஒவ்வொரு வயலையும் அளந்து, எது புஞ்சை, எது நஞ்சை, எதற்கு என்ன தீர்வை என்று நேரடியாக உழவனிடமே பேசினார்கள். நடுவில் ஜமீன்தார் கிடையாது. பிற்பாடு ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்க வந்த முறை இங்கேதான் வேர் விட்டது. மன்றோ 1820-இல் சென்னை கவர்னர் ஆனார். 1827-இல் மாவட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் போன பயணத்திலேயே, பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார்.

அவர் வசூலித்த தீர்வை உழவனுக்கு லேசானதாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வரி வரிதான். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சீமையைத் தெரிந்துகொள்ள முடியாது, ஊரில் போய் இறங்கினால்தான் தெரியும் என்பதை அந்த ஆட்கள் புரிந்துவைத்திருந்தார்கள். கூடாரம் போட்டு முகாம் இருந்து கணக்குப் பார்க்கிற வழக்கம் வெகு காலம் நீடித்தது. தாலுகா ஆபீசில் இன்றும் வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்கிறதே, அந்தப் பெயர் அந்தக் கால மிச்சம்.

இந்தப் பாதைகளில் ரயிலும் ஓடியது என்பது இப்போது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்டது. இன்னொரு பஞ்சம் வந்தால் உள்நாட்டுத் தாலுகாக்களுக்குத் தானியம் போக வழி வேண்டும் என்று, இரண்டரை அடி அகலத்தில் குட்டி ரயில் பாதைகள் போட்டார்கள். 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு. 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு. அதை 1913-இல் ஓசூர் வரை நீட்டினார்கள். பஸ் வந்தது, வருமானம் போனது. கிருஷ்ணகிரிப் பாதையை 1936-இல் மூடினார்கள். ஓசூர்ப் பாதை 1941-இல், யுத்த காலத்தில் போயிற்று. அதற்குப் பிறகு 1960களில் சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் வரும் வரை ஓசூருக்கு ரயில் கிடையாது. கிருஷ்ணகிரிக்கு இன்று வரை இல்லை. நாலு திசையிலிருந்தும் நெடுஞ்சாலைகள் வந்து கூடுகிற மாவட்டத் தலைநகரம், ரயில் நிலையம் இல்லாமல் இருக்கிறது.

பிறகு நாங்கள் வந்தோம். சிப்காட் 1970களில் வந்தது. 1980-ஐ ஒட்டி லாரித் தொழிற்சாலையும் மொபெட் தொழிற்சாலையும், சில வருஷம் கழித்துக் கைக்கடிகாரத் தொழிற்சாலையும். நான் 1983-இல் இருபத்திரண்டு வயதில் சேலம் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். எங்களைப் போல ஆயிரக்கணக்கான பையன்கள். திருநெல்வேலி, மதுரை, வேலூர், கோலார் என்று பல ஊர். ஒரு அறையில் நாலு பேர், மூன்று ஷிப்டுக்கும் மாற்றி மாற்றி அதே பாய். முப்பத்தாறு வருஷத்தில் எனக்குத் தெரிந்த பாதை வீட்டிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து வீட்டுக்கு. லீவு கிடைத்தால் சொந்த ஊர். என் பக்கத்து மெஷினில் இருபது வருஷம் நின்றவர் தளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தவர். "ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்கண்ணா, பனியில அவரைக்காய் பறிச்சுச் சமைச்சுப் போடறோம்" என்று வருஷா வருஷம் சொல்வார். அந்த மாதம் எப்போதும் எனக்கு உற்பத்திக் கணக்கு முடிக்கிற மாதமாக இருக்கும்.

ஓசூரில் இப்போதுதான் முதல் தடவையாக ஒரு தலைமுறை முழுசாக ஓய்வு பெற்றிருக்கிறது. அதற்கு முன்பு இந்த ஊரில் ஓய்வு என்ற வார்த்தைக்கு வேலை இல்லை. உழவனுக்கு ஏது ஓய்வு? காலையில் ராமநாயக்கன் ஏரிப் பக்கம் நடக்கிறவர்களைப் பாருங்கள், பாதிப் பேர் பழைய யூனிஃபார்ம் சட்டைக்காரர்கள். எங்களுக்கு இந்த ஊர் சோறு போட்டது. இந்த மாவட்டத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கிறவர்களில் எங்கள் வயதுக்காரர்கள் அதிகம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

மார்கழியும் தையும் மேல்சீமைக்கு. ஓசூரிலிருந்து மத்திகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை, தளி. மத்திகிரியில் 1824-இல் கம்பெனி காலத்தில் ஆரம்பித்த கால்நடைப் பண்ணை வழியிலேயே இருக்கிறது. தளியைக் குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரன் சொன்னதாகச் சொல்வார்கள். யார் சொன்னால் என்ன, அந்தப் பனி நிஜம். பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் கிடைக்கிற மாதம் அது. ஒரு எச்சரிக்கை. ராகி முற்றுகிற காலத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வரும். அறுவடை முடிந்து தை தாண்டும் வரை, மாலை ஐந்து மணிக்குப் பிறகு காட்டோரச் சாலையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. தையில் ஊர் ஊருக்கு எருது விடும் விழா. அதைத் தள்ளி நின்று பார்ப்போம்.

மாசி, பங்குனி ஹாரிஸின் மாதம். ஓசூர், உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை. ஒரு தக்காளிச் சந்தை, ஒரு மலைக்கோட்டை. வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. கோட்டை ஏறுவது முடியாது. "நீங்க ஏறிட்டு வாங்க, நான் சந்தையில உக்காந்து நாலு பேர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சூளகிரி பக்கத்துக்காரி, வீட்டில் தெலுங்கு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை பேசுவாள். நான் மலையில் தெரிந்துகொள்வதைவிட அவள் கீழே தெரிந்துகொண்டு வருவது அதிகமாக இருக்கும். திரும்புகிற வழியில் தொரப்பள்ளி. 1878-இல் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. இந்தச் சின்ன அக்ரகாரத்திலிருந்து போனவர்தான் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர். அதே பருவத்தில் ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் தேர். மூன்று பாஷைக்காரர்களும் ஒரே வடத்தைப் பிடிப்பதை வருஷா வருஷம் பார்க்கிறோம், இந்தத் தடவை வெளியூர்க்காரர்கள் மாதிரி சாவகாசமாகப் பார்க்க வேண்டும்.

சித்திரை வெயிலில் கீழே இறங்குவதில்லை. ஒரு நாள் மட்டும், விடிகாலையில், சூளகிரி பக்கம் மல்லச்சந்திரம். பாறை மேல் கல்திட்டைகள் கூட்டமாக இருக்கின்றன. பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். பர்கூர் வட்டாரத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த மாவட்டத்தில் இரும்பு வேலை நடந்திருக்கிறது. லேத் ஓட்டிப் பிழைத்த என் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் பெருமையான சேதி. எங்களுக்கு முன்னாலேயே இங்கே ஷிப்டு ஓடியிருக்கிறது.

ஆனி மாதம் கீழ்ச்சீமைக்கு. கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கிற காலம். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, சந்தூர். தோட்டத்தில் தோத்தாபுரி லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகும். நம் பக்கம் அதற்குப் பெங்களூரா என்று பெயர், பெங்களூர்க்காரர்கள் கிளிமூக்கு என்பார்கள். விளைச்சல் நன்றாக இருந்தால் விலை விழும், விலை இருந்தால் விளைச்சல் இருக்காது. விவசாயி இரண்டிலும் அடிபடுகிறான். ஆலை வாசலில் டிராக்டரோடு காத்து நிற்கிறவரிடம் பேசினால் மாம்பழத்தின் சரித்திரம் வேறு மாதிரி இருக்கும். போச்சம்பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், வாரச்சந்தை அன்றுதான். குந்தாரப்பள்ளி சந்தைக்கு வெள்ளி. கிழமை தெரியாமல் போனால் காலி மைதானத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஆடியில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல். கார்ன்வாலிஸும் ஹாரிஸும் பயந்த அந்தக் காவிரிப் பெருக்கை ஆடிப்பெருக்கில் நாம் பூப்போட்டுக் கும்பிடுகிறோம். வெள்ளம் அதிகமானால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். அதற்கும் தயாராகத்தான் போகிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் வீட்டிலேயே இருப்பது. 2024 டிசம்பர் முதல் தேதி, கார்த்திகையில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்துவிட முடியுமா? ஏரி உடைத்து, நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனது.

பையன் கேட்டதற்கு இவ்வளவுதான் பதில். இரண்டு நாளில் எல்லா ஊரையும் கடந்துவிடலாம். ஆனால் அவரையும் மாங்காயும் ஒரே சனிக்கிழமையில் காய்க்காது, தேரும் ஆடிப்பெருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வராது.

இதைத் தள்ளிப்போடாமல் இந்த வருஷமே கிளம்புவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மாவட்டம் மாறுகிற வேகம். 2024 ஜூனில் ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. சூளகிரி, போச்சம்பள்ளிப் பக்கமெல்லாம் புதுத் தொழிற்சாலைகள். நான் இதைக் குறை சொல்ல முடியாது. 1980களில் எனக்குச் சோறு போட்ட ஷெட்டும் ஒருவருடைய ராகி வயலில்தான் எழுந்தது. இன்று வருகிற பையனுக்கும் வேலை வேண்டும். ஆனால் எந்த வயல் எங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாலு பேராவது இருக்க வேண்டும். மன்றோ காலத்து ஆட்கள் தீர்வைக்காக எழுதி வைத்தார்கள். நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சும்மா எழுதி வைக்கப்போகிறோம்.

இரண்டாவது காரணம் சொந்தம். இந்தத் திட்டத்தை மூன்று வருஷத்துக்கு முன்பு போட்டபோது நாங்கள் மூன்று ஜோடி. தளி நண்பர்தான் வழிகாட்டி. அடுத்த மார்கழி, அடுத்த மார்கழி என்று போய், போன ஆவணியில் அவர் போய்விட்டார். இன்னொரு ஜோடி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஹைதராபாத் போய்விட்டது. வீட்டம்மாவின் முழங்கால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் காரில் உட்கார்ந்து இறங்க ஒத்துழைக்கும் என்று டாக்டர் சொல்கிறார். படைத் தளபதிகள் காவிரி பெருகுவதற்குள் என்று கணக்குப் போட்டார்கள். எங்கள் கணக்கும் ஏறக்குறைய அதே மாதிரிதான்.

எங்கள் வயதில் கிளம்ப நினைக்கிறவர்களுக்கு நாங்கள் வகுத்துக்கொண்ட விதிகள்: ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டுவதில்லை. இருட்டிய பிறகு ஓட்டுவதே இல்லை. மாத்திரை டப்பா இரண்டு, ஒன்று அவள் பையில், ஒன்று காரில். ஆறு வழிச் சாலையை முடிந்தவரை தவிர்த்துப் பழைய ரோடு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார வேண்டும், போனை வெளியே எடுக்கக் கூடாது.

முதல் பயணம் மார்கழி இரண்டாம் வாரம். தளியில் நண்பரின் மனைவி போன் செய்திருந்தார். "அவர் இல்லேன்னு வராம இருந்துடாதீங்கண்ணா. அவரைக்காய் இந்தத் தடவை நல்லா பிடிச்சிருக்கு. அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அவருக்கு ஒரு புடவையும், பேத்திக்கு ஒரு ஸ்வெட்டரும் வாங்கி வைத்திருக்கிறோம். போய் வந்து எழுதுகிறேன்.